தொரை இல்லாத தோட்டம்

(தென்னாப்பிரிக்காவில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு பழத்தோட்டத்தின் வரலாறு)



நம் பள்ளியின் பரிசளிப்பு விழா மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிவிட்டார். எதை எழுதலாம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுவன் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாக அமைந்துவிட்டது.

அன்று காந்தியடிகளைப் பற்றிய பாடம். தென்னாப்பிரிக்காவில் அவர் ஒரு தோட்டம் நடத்தினார், அதில் ஆயிரம் பழமரங்கள் இருந்தன, தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே போய்க் குடியிருந்து பாடுபட்டன என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து நின்றான். "டீச்சர், அந்தத் தோட்டத்துல தொரை யாரு? பிரட்டு எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எண்ணிப் பாருங்கள்! நம் முன்னோர் பிறந்த தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் தோட்டம் என்றால் என்ன பொருள்? வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு, நாலு வாழை, ஒரு மா, ஒரு முருங்கை. அது வீட்டுக்காரனுடைய தோட்டம். பேராக்கில் பிறந்த நமக்கோ தோட்டம் என்றால் வேறொருவருடைய நிலம், வேறொருவருடைய மரம், நமக்குக் கூலி. ஒரே சொல்தான். கடலைத் தாண்டியதும் பொருள் மாறிவிட்டது.

அந்தச் சிறுவனுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். பெரியவர்களும் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

கரும்புக் காட்டுக்குப் போனவர்கள்

நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியது நமக்குத் தெரியும். அவர்களைப் போலவே வேறொரு கூட்டம் மேற்கே போனது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். நேட்டால் என்னும் ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டில் கரும்பு வெட்டுவதற்காக ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். 1911 வரை இப்படி ஏறத்தாழ 1,52,000 பேர் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே ஆவர்.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பவில்லை. டர்பன் நகரைச் சுற்றிச் சின்னச் சின்னத் துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவர்கள் விலைக்கும் வாங்கினார்கள். கீரை, காய்கறி, வாழை பயிரிட்டார்கள். விடியுமுன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நகரத்துத் தெருக்களுக்குப் போய் விற்றார்கள். மாமரத்தை அந்நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் இந்தியர்களே என்று காந்தியடிகள் எழுதி வைத்திருக்கிறார். கூலி என்று அழைக்கப்பட்டவன் சொந்தமாக ஒரு சிறு பழத்தோட்டக்காரன் ஆகிவிட்டான்.

இது வெள்ளைக்கார வியாபாரிகளின் கண்ணை உறுத்தியது. "கரும்பு வெட்டக் கூப்பிட்டோம், இவர்கள் காய்கறி விற்று நமக்கே போட்டியாகிவிட்டார்களே!" என்ற எண்ணம் வளர்ந்தது. 1895இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் மறுபடி ஒப்பந்தக் கூலியாகச் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் இல்லாமல் அங்கேயே சுதந்திரமாக வாழ்ந்தால் ஆளுக்கு ஆண்டுதோறும் 3 பவுன் தலைவரி.

மாணவர்களே, பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் ஆண்டுக்கு 12 பவுன் வரி. குடும்பத் தலைவனின் மாத வருமானமோ 14 ஷில்லிங்குக்கு மேல் இல்லை. 20 ஷில்லிங் ஒரு பவுன். பன்னிரண்டு மாதமும் பட்டினி கிடந்து சேர்த்தாலும் 8 பவுன் 8 ஷில்லிங்தான் வரும். வருமானத்தைக் காட்டிலும் வரி பெரிது! வருவாய்க்காகப் போட்ட வரி அல்ல அது. தன் நிலத்தில் நிற்கத் தொடங்கியவனை மறுபடியும் கரும்புக் காட்டுக்குத் தள்ளுவதற்காகப் போட்ட வரி.

மூன்று ஏக்கர் நிலம்

1893இல் ஒரு வழக்கு வேலையாகத் தென்னாப்பிரிக்கா போன இளம் வழக்கறிஞர் காந்தி, இம்மக்களின் துயரைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். 1903இல் 'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் வார ஏடு தொடங்கப்பட்டது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு நம் தமிழிலும் அது வெளிவந்தது.

1904இல் டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் என்னுமிடத்தில் காந்தியடிகள் நிலம் வாங்கினார். முதலில் 20 ஏக்கர். அதில் ஓர் ஊற்றும் சில ஆரஞ்சு மரங்களும் மாமரங்களும் இருந்தன. பிறகு அடுத்திருந்த 80 ஏக்கரையும் சேர்த்து வாங்கினார். மொத்தம் ஆயிரம் பவுன் செலவு. அச்சகத்தைச் சுற்றியிருந்த நிலத்தை மூன்று மூன்று ஏக்கராகப் பங்கு போட்டு, குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினார்கள். காந்தியடிகளுக்கும் ஒரு பங்குதான். ஏட்டு வேலையும் செய்ய வேண்டும், மண்வெட்டியும் பிடிக்க வேண்டும். அதுவே அங்கே இருந்த ஏற்பாடு.

கணவன்மார் சிறையில், அடுப்பு எரிவது எப்படி?

இதற்கிடையில் ஜோகன்னஸ்பர்க் நகரம் உள்ள டிரான்ஸ்வால் பகுதியில் வேறொரு கொடுமை எழுந்தது. ஆசியர்கள் எல்லாரும் பத்து விரல் ரேகையும் பதித்து அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும், கேட்கும் போதெல்லாம் காட்ட வேண்டும் என்று 1906இல் சட்டம் கொண்டு வந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் பெருங்கூட்டம் கூடி, "இச்சட்டத்துக்குப் பணிய மாட்டோம், சிறைக்குப் போவோம்" என்று ஆணையிட்டார்கள். உலகம் பின்னாளில் சத்தியாக்கிரகம் என்று அறிந்த அறப்போர் அங்கேதான் பிறந்தது.

அப்போரில் தமிழர் முன்னணியில் நின்றார்கள். அவர்களில் தலையாயவர் தம்பி நாயுடு. மொரீசியஸ் தீவில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, ஆங்கிலம் நான்கும் பேசுவார். திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். கூடையில் பழமும் காய்கறியும் விற்றுப் பிழைத்த ஏழைத் தமிழர் பலரும் அவர் பின்னால் போனார்கள்.

பெற்றோர்களே, சிறைக்குப் போகிறவனின் வீரத்தை நாம் பாராட்டுகிறோம். வீட்டில் இருக்கிறவளை யார் நினைக்கிறார்கள்? கூலிக்காரன் ஒரு மாதம் வேலைக்குப் போகாவிட்டால் வீடு என்ன ஆகும் என்பது தோட்டத்தில் வாழ்ந்த நமக்கா தெரியாது? சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று நியாயமாகப் பிரிப்பது கடினமாக இருந்தது, நிதியும் கரைந்தது. எல்லாக் குடும்பங்களும் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்தால், ஒரே அடுப்பில் பொங்கினால், செலவும் குறையும், உழைத்துச் சாப்பிடவும் வழி பிறக்கும். பீனிக்ஸோ முப்பது மணி நேரப் பயணத் தொலைவு. பக்கத்தில் ஓர் இடம் வேண்டுமே!

ஆயிரம் மரங்கள்

அப்போது உதவிக்கு வந்தவர் ஹெர்மன் கல்லன்பாக். ஜெர்மானிய யூதர், நல்ல வசதியோடு வாழ்ந்த கட்டடக் கலைஞர், காந்தியடிகளின் உயிர் நண்பர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி என்னும் இரயில் நிலையத்துக்கு அருகே 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1910 மே 30ஆம் நாள் வாடகை ஏதுமின்றிப் போராட்டக் குடும்பங்கள் பயன்படுத்தக் கொடுத்துவிட்டார். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் மேல் கொண்ட மதிப்பால் அதற்கு 'டால்ஸ்டாய் பண்ணை' என்று பெயர் வைத்தார்கள்.

குன்றின் அடிவாரத்தில் ஒரு சிறு வீடு, இரண்டு கிணறு, ஓர் ஊற்று, ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள். இவைதாம் அங்கே இருந்தவை. ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் ஆகியவை பருவத்தில் அள்ள அள்ளக் குறையாமல் காய்த்தன. எல்லாரும் வயிறாரத் தின்ற பிறகும் மிச்சம் இருந்ததாம்.

ஆனால் பழத்தை மட்டும் தின்று வாழ முடியுமா? குடியிருக்க வீடு இல்லை. சுமார் இரண்டு மாதம் கூடாரத்தில் தங்கிக்கொண்டு, தகரக் கூரையும் தகரச் சுவருமாகக் கொட்டகைகளைக் கட்டினார்கள். பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. பள்ளிக்கு ஒரு கொட்டகை, தச்சு வேலைக்கும் செருப்புத் தைக்கவும் ஒரு பட்டறை. தமிழரோடு குஜராத்தியர், தெலுங்கர், வட இந்தியர் இருந்தார்கள். இந்துக்களோடு முஸ்லிம்கள், கிறிஸ்தவர், பார்சிகள் இருந்தார்கள். வாலிபர் நாற்பது பேர், முதியவர் இரண்டு மூன்று பேர், பெண்கள் ஐவர், பிள்ளைகள் இருபது முப்பது பேர் என்று காந்தியடிகள் கணக்குச் சொல்கிறார். சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்ததால் தொகை ஏறும், இறங்கும்.

ஊற்று 500 கெஜத்துக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து தண்ணீரைக் காவடி கட்டித் தோளில் சுமந்து வந்தார்கள். ஆம், நாம் முருகனுக்கு எடுக்கும் அதே காவடி! நம் பாட்டிமார் லயத்துக் குழாயடியில் வாளியோடு வரிசை பிடித்து நின்றார்களே, அதைப் போன்ற அன்றாடப் பாடுதான்.

வேலைக்காரர் என்று எவரும் இல்லை. சமையல், கூட்டுதல், கழிவு அகற்றுதல், மரம் வெட்டுதல், குழி தோண்டுதல் எல்லாம் அவர்களே. துப்புரவுப் பொறுப்பையும், ஜோகன்னஸ்பர்க் சென்று சாமான் வாங்கி வரும் பொறுப்பையும் ஏற்றவர் யார் தெரியுமா? சிறைக் கோட்டம் நடுங்க நின்ற அதே தம்பி நாயுடுதான். அடுப்படி வேலை இல்லாத ஒவ்வொருவரும், சிறியவர் பெரியவர் என்ற பேதமின்றித் தோட்ட வேலைக்குப் போயாக வேண்டும். அதில் பிள்ளைகளின் பங்கே பெரிது.

கோதுமையைக் கையால் அரைக்க ஓர் இரும்புத் திரிகை வாங்கினார்கள். அந்த மாவில் ரொட்டி சுட்டார்கள். நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள். தோட்டத்து ஆரஞ்சைக் கொண்டு பெண்கள் பழப்பாகு காய்ச்சினார்கள். பண்ணை வேலையாகப் போனால் மூன்றாம் வகுப்பு இரயிலில் போகலாம். சொந்த வேலையாக நகரம் போனால் நடந்துதான் போக வேண்டும் என்பது சட்டம். பின்னிரவு இரண்டு மணிக்கு, ரொட்டியும் கடலை வெண்ணெயும் பழப்பாகும் கட்டி எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். 21 மைல்! ஆறேழு மணி நேர நடை. வழியில் காசு கொடுத்து எதுவும் வாங்கித் தின்பதில்லை. சிக்கனம் என்பதை அவர்கள் மேடையில் பேசவில்லை, காலால் நடந்து காட்டினார்கள்.

இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருகிறேன். தொரை யார்? நிலத்தின் சொந்தக்காரர் கல்லன்பாக். வெள்ளைக்காரர்தான். ஆனால் அவர் பங்களாவில் உட்கார்ந்து பார்க்கவில்லை. மரியான்ஹில் என்னுமிடத்தில் இருந்த கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்து, மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். தோட்ட வேலையில் பிள்ளைகளோடு முன்னால் நின்றார். பிரட்டு எத்தனை மணிக்கு? விடியலிலேயே உண்டு. ஆனால் பேர் கூப்பிட்டவரும் மண்வெட்டி பிடித்தார். அதுதான் வித்தியாசம்.

தமிழ் எழுதத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள்

ஓர் ஆசிரியை என்ற முறையில் என் மனத்தைத் தொட்ட பகுதி இதுதான்.

பண்ணையில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. காலையெல்லாம் தோட்ட வேலை, பிற்பகலில் பாடம். பிள்ளைகள் உழைத்த களைப்பில் தூங்கி விழுவார்களாம். ஆசிரியருக்கும் தூக்கம் வருமாம். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள். காந்தியடிகளின் கொள்கை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் தாய்மொழியில் பாடம் சொல்ல வேண்டும் என்பது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு யார் தமிழ் சொல்லிக் கொடுப்பது? ஆள் இல்லை. குஜராத்தியரான காந்தியடிகளே அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்!

அவருக்குத் தெரிந்த தமிழ், கப்பல் பயணத்திலும் சிறையிலும் ஜி.யு.போப் எழுதிய கைந்நூலை வைத்துக்கொண்டு தாமாகப் படித்த தமிழ். பிள்ளைகளோ தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள்; வாயில் தமிழ் இருந்தது, கையில் எழுத்து இல்லை. ஆகவே அவர் அவர்களுக்கு எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் சொல்லிக் கொடுத்தார். பேச்சில் தம்மை அவர்கள் தோற்கடித்துவிடுவார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால், அந்தப் பிள்ளைகள்தாம் மொழிபெயர்த்தார்கள். குருவுக்குச் சீடர்கள் துபாஷ்!

இரம்சான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு இருந்தபோது, அவர்களுக்குத் துணையாக மற்றப் பிள்ளைகளும் பகலில் உண்ணாமல் இருந்தார்களாம். எந்தப் பாடநூல் இதைக் கற்றுக் கொடுக்கும்?

பெற்றோர்களே, "தமிழ்ப் பள்ளியில படிச்சு என்னாங்க டீச்சர் ஆகப் போவுது?" என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. குஜராத்தி ஒருவர், வேலை முடிந்த களைப்போடு, தமக்கே சரியாக வராத தமிழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிக் கற்பித்தார் என்றால், அம்மொழியை நாம் வீட்டிலேயே விட்டுவிடலாமா? இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பழத்தோட்டத்தை நோக்கி ஒரு நடை

1913 தொடக்கத்தில் காந்தியடிகள் பீனிக்ஸுக்குத் திரும்பினார். குடும்பங்களும் கலைந்தன. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே அந்தக் கூட்டு வாழ்க்கை நடந்தது. ஆனால் அங்கே முளைத்தது வேறிடத்தில் காய்த்தது.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஒரு நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற பொருள்படத் தீர்ப்புக் கூறியது. தாலி கட்டிய மனைவிக்கு மனைவி என்ற பெயரே இல்லாமல் போயிற்று. இது பெண்களை எழுப்பிவிட்டது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள் முன்வந்தார்கள். பதினோரு பேர், ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர் என்று காந்தியடிகள் குறித்திருக்கிறார். ஒருவர் கருவுற்றிருந்தார். அறுவர் இடுப்பில் கைக்குழந்தை. தம்பி நாயுடுவின் மனைவியும் அவர்களுள் ஒருவர். "சிறையில் சாப்பாடு நன்றாக இராது, துணி துவைக்க வேண்டியிருக்கும்" என்று எச்சரித்தபோதும் அவர்கள் பின்வாங்கவில்லை.

நியூகாசில் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அப்பெண்கள் போனார்கள். ஒப்பந்தத் தொழிலாளரிடம் 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். மேடைப் பேச்சு அல்ல. நாம் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசுவோமே, அந்தப் பேச்சு. அக்டோபரில் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. வேலை நிறுத்தமோ காட்டுத் தீயாய்ப் பரவியது.

சுரங்க முதலாளிகளின் குடியிருப்பை விட்டு வெளியேறிய அத்தனை பேரையும் எங்கே தங்க வைப்பது? காந்தியடிகள் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லை தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடப்பது. வழியில் பிடித்தால் சிறை. பிடிக்காவிட்டால், நாளைக்கு இருபது மைலுக்கு மேல் நடந்து எட்டு நாளில் டால்ஸ்டாய் பண்ணையை அடைவது. ஆம், அவர்கள் புறப்பட்டது அந்தப் பழத்தோட்டத்தை நோக்கித்தான்!

1913 நவம்பர் 6ஆம் நாள் காலை 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 பிள்ளைகள் நடக்கத் தொடங்கினார்கள். கையில் ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையும். ஒரு தாயின் குழந்தை குளிரில் இறந்தது. இன்னொரு தாய் ஓடையைக் கடக்கும்போது குழந்தை கை நழுவி நீரில் போய்விட்டது. அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை, தொடர்ந்து நடந்தார்கள். காந்தியடிகளை வழியில் மூன்று முறை கைது செய்தார்கள். நவம்பர் 10ஆம் நாள் கூட்டம் முழுவதையும் மடக்கி, இரயிலில் ஏற்றி, நேட்டாலுக்கே திருப்பி அனுப்பினார்கள். பழத்தோட்டத்தை அவர்கள் காணவே இல்லை.

ஆனாலும் நடை வீண் போகவில்லை. 1914இல் வந்த சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது. நம் திருமணங்களையும் ஏற்றுக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாளில் 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16. நம் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துப் போன அக்காமாரின் வயது!

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அம்மண்ணுக்கு உரிய ஆப்பிரிக்க மக்களின் நில உரிமையை மிகச் சிறிய பகுதிக்குள் அடக்கிய சட்டமும் அதே 1913இல்தான் வந்தது. அவர்கள் விடுதலை பெற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவர் நிலம் பெற்ற கதையைப் படிக்கும்போது, நிலம் இழந்தவரையும் நாம் நினைக்க வேண்டும்.

தாத்தா நட்ட ரம்புத்தான்

டால்ஸ்டாய் பண்ணையில் குடும்பங்கள் குடியேறிய அதே 1910இல், இலண்டன் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தில் நின்றது. இங்கே பேராக்கில் காடுகள் வேகமாகப் பால்மரத் தோட்டங்களாயின. 1877இல் கோலக்கங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. சுற்றுலா போன மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மரங்களின் வழித்தோன்றல்களுக்குக் கீழேதான் நம் மூன்று நான்கு தலைமுறைகள் கழிந்தன.

என் தாத்தாவும் பால்மரம் வெட்டியவர். லயத்துக்குப் பின்னால் ஒரு ரம்புத்தானும் ஒரு பம்பிளிமாஸும் நட்டு வைத்திருந்தார். பழக் காலத்தில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்த மரத்தடியில்தான் கிடப்போம். "ஒடிக்காதீங்கடா, பறிச்சுத் தின்னுங்க" என்பார். நான் நாலாம் ஆண்டு படித்தபோது தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். தாத்தா போய், "வீட்டுக்குச் சரிங்க, என் மரத்துக்கு ஏதாச்சும் பார்த்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். "மரம் நீ நட்டதா இருக்கலாம். மண்ணு உன்னோடது இல்லியே" என்று பதில் வந்தது. சொன்னவரிடம் கோபம் கூட இல்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தாத்தா திரும்பி வந்து ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மரத்தடியில் முளைத்திருந்த ஒரு கன்றைத் தோண்டி, பெயிண்டு டின்னில் வைத்துக்கொண்டு தாமானுக்கு வந்தார். புதுவீட்டின் பின்புறம் முழுக்கச் சிமெண்டு. அந்தக் கன்று டின்னிலேயே மூன்று வருடம் நின்றது. காய்க்கவில்லை.

இந்தக் கதை என் தாத்தாவுக்கு மட்டும் உரியதல்ல. உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. அப்போதுதான் நம் பேராக் மண்ணில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்து நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் பால்மரத் தொழிலாளர்கள். அந்தக் காசில் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூலிக்காரன் பங்குக்காரன் ஆனான். சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியால் 1954இல் எழுந்த தமிழ்ப் பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்று பெயர் இருப்பதும் தற்செயல் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிறைவாக

டால்ஸ்டாய் பண்ணையை நான் சொர்க்கமாகக் காட்ட விரும்பவில்லை. அந்த நிலம் கடைசி வரை அங்கே பாடுபட்ட தமிழர் பெயருக்கு வரவில்லை. ஒரு நல்ல மனிதரின் தயவில் நடந்த வாழ்வு அது. பிற்காலத்தில் கட்டடங்கள் பாழாயின. அண்மைக் காலத்தில்தான் அவ்விடத்தை மீட்டு நினைவிடமாக்கும் பணி தொடங்கியது. டர்பனைச் சுற்றித் தன் பணத்தில் துண்டு நிலம் வாங்கி வாழை வைத்த பெயர் தெரியாத தமிழனை யாரும் எளிதில் அசைக்க முடியவில்லை. அதனால்தான் அவனுக்கு வரி போட்டார்கள். இரண்டிலும் பாடம் இருக்கிறது. சேர்ந்து உழைக்கவும் வேண்டும். சேர்ந்து உழைத்தது நம் பெயரில் எழுதப்பட்டிருக்கவும் வேண்டும்.

பெற்றோர்களே, கையில் ஊழியர் சேமநிதிப் பணம் வரும்போது கலர் டிவிக்கும் காருக்கும் முன்னால், ஒரு வீட்டு மனையை எண்ணிப் பாருங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குத்தானே அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள்!

மாணவர்களே, நம் பள்ளித் திடலுக்குப் பின்னால் கொஞ்சம் மண் சும்மா கிடக்கிறது. அடுத்த தவணையில் அங்கே ரம்புத்தானும் கொய்யாவும் பம்பிளிமாஸும் நடலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். கேள்வி கேட்ட அந்தச் சிறுவன்தான் முதல் குழியைத் தோண்ட வேண்டும். பிரட்டு காலை ஏழு மணிக்கு. தொரை யாரும் இல்லை. மண்வெட்டியோடு டீச்சரும் வருவேன்.

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். இந்த முறை பரிசு கிடைக்காதவர்களுக்கு இன்னும் அதிக வாழ்த்துகள்.